உள்ளூரில் வழக்கு நிலுவையில் இருக்கையில் வெளிநாடு ஒப்படைக்கக் கோரினால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து மாங்கூழும் கிரானைட்டும் கடல் கடந்து போகின்றன. ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வேலைக்காக வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. அப்படித் தொடர்பு வைத்திருந்த ஒருவர்மீது அங்கே குற்றவழக்கு பதிவாகி, அந்த நாடு அவரைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு இந்திய அரசைக் கேட்பது அரிதாகவே நடக்கும். ஆனால் அது நடக்கும்போது அவர்மீது கிருஷ்ணகிரியிலோ அரூரிலோ ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருக்குமானால், குடும்பத்தார் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இங்கே வழக்கு முடியாமல் அவரை எப்படி அனுப்ப முடியும்? சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஆனால் கேட்பவர் எதிர்பார்ப்பதில் பாதிதான் அதில் கிடைக்கும். உள்ளூர் வழக்கு அவரை அனுப்பும் நாளைத் தள்ளிவைக்கும். கைதையோ, தில்லியில் நடக்கும் விசாரணையையோ, கோரிக்கையையோ அது தடுக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எடுக்கப்படும் முடிவுகள் இரண்டு வழக்குகளையும் ஒருசேரக் கெடுத்துவிடுகின்றன.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். பெங்களூரு காவல்துறை ஓசூருக்கு வந்து ஒருவரைக் கைது செய்து அழைத்துச் செல்வதும், குப்பத்திலிருந்து ஆந்திரக் காவலர்கள் வாரன்டோடு வருவதும் ஒப்படைப்பு ஆகாது. அவை ஒரே நாட்டுக்குள் நடக்கும் கைதுகள், பயணக் காவல் (டிரான்சிட் ரிமாண்ட்) உத்தரவோடு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை பேசுவது நாட்டுக்கு நாடு நடக்கும் ஒப்படைப்பைப் பற்றி மட்டுமே.

சட்டம் சொல்வது என்ன

1962-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டத்தில் 31-ஆம் பிரிவு, ஒருவரை எந்தச் சூழல்களில் வெளிநாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்று பட்டியலிடுகிறது. அரசியல் தன்மையுள்ள குற்றம், கோரும் நாட்டின் சட்டப்படி காலவரம்பு கடந்துபோன குற்றம் போன்றவற்றுக்குப் பிறகு நான்காவதாக வரும் கூறுதான் நமக்கு உரியது. எந்தக் குற்றத்துக்காக அவர் கோரப்படுகிறாரோ அதுவல்லாத வேறொரு குற்றம் இந்தியாவில் அவர்மீது சாட்டப்பட்டிருந்தாலும், இந்தியாவில் அவர் ஏதேனும் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தாலும், விடுதலையாகியோ தண்டனைக்காலம் முடிந்தோ வேறு வகையிலோ அதிலிருந்து அவர் நீங்கும் வரை ஒப்படைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இங்கே குற்றத்தின் கனம் பற்றி எந்த வரம்பும் சொல்லப்படவில்லை. அதாவது, பர்கூரைச் சேர்ந்த மாங்கூழ் ஏற்றுமதியாளர் ஒருவரை வெளிநாடொன்று பெரிய மோசடி வழக்கில் கோருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்மீது கிருஷ்ணகிரி நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் காசோலை வழக்கு ஒன்று மட்டுமே நிலுவையில் இருந்தாலும், சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் அதுவும் ‘வேறொரு குற்றம்’தான். முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகிக் குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில் அவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று கொள்ளலாமா என்பதில் இரு தரப்பிலும் வாதிட இடமுண்டு. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்து எண் கொடுத்துவிட்ட பிறகு அந்த வாதத்துக்கு அதிக இடமில்லை. ஆகவே உள்ளூர் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஆவணத்தோடு காட்ட முடிவது மிக முக்கியம்.

முதலில் கையில் உள்ள தாள் எது என்று பாருங்கள்

இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு, தற்காலிகக் கைதுக் கோரிக்கை, முழுமையான ஒப்படைப்புக் கோரிக்கை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. சிவப்பு அறிவிப்பு ஒன்றை மட்டும் காட்டி இந்தியாவில் ஒருவரைக் கைது செய்துவிட முடியாது என்பதையும், ஒப்படைப்புச் சட்டத்தின்படியான கோரிக்கை வேண்டும் என்பதையும் பவேஷ் ஜெயந்தி லக்கானி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தற்காலிகக் கைது 34பி பிரிவின்கீழ் நடப்பது. அவசரம் என்று வெளிநாடு கேட்டால் நடுவரின் வாரன்டின் பேரில் கைது செய்யலாம், ஆனால் கைதான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையான கோரிக்கை வந்து சேராவிட்டால் விடுவிக்க வேண்டும். இந்த 60 நாள் கணக்கை வழக்கறிஞர் முதல் நாளிலேயே குறித்துவைக்க வேண்டும்.

முழுமையான கோரிக்கை வெளிநாட்டுத் தூதரகத்தின் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்கு வருகிறது. மத்திய அரசு அதை ஏற்கத்தக்கது என்று கருதினால் 5-ஆம் பிரிவின்படி ஒரு நடுவரை விசாரிக்கப் பணிக்கும். நடைமுறையில் இது பெரும்பாலும் தில்லி பட்டியாலா ஹவுஸ் நீதிமன்ற வளாகத்தில் நடக்கிறது. நம் ஊர்க்காரருக்கு இதன் பொருள், உள்ளூர் வழக்கு கிருஷ்ணகிரியிலும் ஒப்படைப்பு வழக்கு சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரே காலத்தில் நடக்கும் என்பதே. இரண்டுக்கும் இரண்டு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதை உறுதிசெய்வது குடும்பத்தாரின் முதல் வேலை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

இரண்டு வழக்குகளும் ஒரே குற்றமா, வேறு வேறா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. மேலே சொன்ன தடை வேறொரு குற்றத்துக்கு மட்டுமே. அதே மாங்கூழ்ப் பரிவர்த்தனை தொடர்பாகவே கிருஷ்ணகிரி மாவட்டக் குற்றப்பிரிவிலும் புகார் பதிவாகியிருந்தால், நான்காவது கூறு அவருக்கு உதவாது. அப்போது வேறு மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

ஒன்று, அந்த நாட்டோடு இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கை. கோரப்படும் நாட்டிலேயே அதே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோ விடுதலையாகியோ இருந்தால் ஒப்படைக்க வேண்டாம் என்று உடன்படிக்கைகளில் பொதுவாக இருக்கும். வழக்கு வெறுமனே நிலுவையில் இருப்பது அந்தப் பாதுகாப்பைத் தருமா என்பது உடன்படிக்கைக்கு உடன்படிக்கை மாறும். இரண்டாவது, அரசியலமைப்பின் 20(2) கூறும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இனி சன்ஹிதா) 337-ஆம் பிரிவும். இவை ஒரு முறை தீர்ப்பாகி முடிந்த விவகாரங்களுக்கு உரியவை. மூன்றாவது, ஒப்படைப்புச் சட்டத்தின் 34, 34ஏ பிரிவுகள். வெளிநாட்டில் செய்த ஒப்படைப்புக்குரிய குற்றத்தை இந்தியாவில் செய்ததாகவே கருதி இங்கேயே வழக்கு நடத்தலாம் என்று 34 சொல்கிறது. ஒப்படைக்க முடியாத நிலையில் இங்கேயே வழக்கு நடத்த மத்திய அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்று 34ஏ சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 1999-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தம் குடிமக்களை ஒப்படைக்க வேண்டியதில்லை என்பதால், அங்கிருந்து கோரப்படும் இந்தியர்களுக்கு 34ஏ உண்மையாகவே பொருந்தக்கூடிய வழி.

ஒரே குற்றம் என்பதை நீதிமன்றங்கள் எவ்வளவு குறுகலாகப் பார்க்கக்கூடும் என்பதற்குத் தஹாவூர் ராணாவின் வழக்கு நல்ல பாடம். மும்பைத் தாக்குதல் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து சிகாகோ நடுவர்குழு (ஜூரி) 2011-இல் அவரை விடுவித்தது. வேறு இரண்டு குற்றச்சாட்டுகளில் தண்டனை பெற்றார். அந்தத் தண்டனைக்குப் பிறகு 2020-இல் இந்தியாவின் கோரிக்கையின் பேரில் மீண்டும் கைதானார். அதே செயலுக்காக ஏற்கெனவே விடுதலையானவர் என்ற அவருடைய வாதத்தை 2024 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. நடந்த செயல் ஒன்றுதானா என்று பார்ப்பதற்குப் பதிலாக, குற்றச்சாட்டின் சட்டக்கூறுகள் ஒன்றுதானா என்றே அது பார்த்தது. 2025 ஏப்ரல் 10 அன்று அவர் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். அது அமெரிக்க நீதிமன்றத்தின் முடிவுதான் என்றாலும், ‘ரெண்டும் ஒரே விஷயம்தானே’ என்று பொதுவாகச் சொல்வது எங்கும் போதாது என்பதை அது காட்டுகிறது. எனவே உள்ளூர்க் குற்றப்பத்திரிகையையும் வெளிநாட்டுக் குற்றச்சாட்டையும் அருகருகே வைத்து, எந்தத் தேதி, எந்தப் பணம், யார் ஏமாந்தவர், எந்தச் சட்டப்பிரிவு, அதன் கூறுகள் என்ன என்று அட்டவணை போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் 31-ஆம் பிரிவின் தள்ளிவைப்பு கிடைக்கும். ஒன்று என்றால் இரட்டைத் தண்டனைக்கு எதிரான வாதம் கிடைக்கும். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டால் இரண்டுமே பலவீனமாகும்.

தில்லி விசாரணையில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது

7-ஆம் பிரிவின்படி நடுவர் பார்ப்பது, கோரும் நாட்டின் குற்றச்சாட்டுக்கு முதல்நோக்கில் ஆதாரம் இருக்கிறதா என்பதை மட்டுமே. அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பளிப்பது அங்கே நடக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் வாக்குமூலங்களும் ஆவணங்களும் உரிய முறையில் சான்றளிக்கப்பட்டிருந்தால் 10-ஆம் பிரிவின்படி ஏற்கப்படும். வழக்கு விசாரணையைப் போல ஒவ்வொரு சாட்சியையும் கூண்டில் ஏற்றி நிரூபிக்க வேண்டியதில்லை என்பதைச் சரப்ஜித் ரிக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

உள்ளூர் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி இந்த விசாரணையையே நிறுத்திவைக்கக் கேட்பது பலரும் செய்யும் முயற்சி. 31-ஆம் பிரிவு தடுப்பது ஒப்படைப்பைத்தான். விசாரணை நடக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆகவே இந்த வாதத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி, ஆதாரங்களின் மீதான எதிர்வாதத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. நடுவர் முதல்நோக்கு ஆதாரம் இருப்பதாகக் கண்டால் அவரைச் சிறைக்கு அனுப்பி, தம் அறிக்கையை மத்திய அரசுக்கு அனுப்புவார். அதோடு அரசு கருத்தில் கொள்வதற்காகக் கோரப்படுபவர் கொடுக்கும் எழுத்துமூல அறிக்கையையும் சேர்த்தனுப்ப வேண்டும் என்று 7(4) சொல்கிறது. உள்ளூர் வழக்கின் சான்றிட்ட நகல்களை இணைக்க வேண்டிய சரியான இடம் அதுதான். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, நீதிமன்ற நாட்குறிப்பின் நகல், அடுத்த வாய்தா தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். எதற்கும் இ-கோர்ட்ஸ் பக்கத்தின் அச்சுப்படியை மட்டும் நம்பாதீர்கள், நகல் பிரிவில் மனுப்போட்டு முத்திரையுள்ள நகலை வாங்குங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பும் சேர வேண்டும்.

சிறைக்கு அனுப்பிய நாளிலிருந்து 15 நாட்கள் முடியும் வரை ஒப்படைக்கக் கூடாது என்பதும் 31-ஆம் பிரிவிலேயே உள்ளது. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுப் போடுவதற்கு இந்த நாட்களைப் பயன்படுத்த வேண்டும். விசாரணை தில்லியில் நடந்திருந்தால் தில்லி உயர் நீதிமன்றமே இயல்பான இடம். இதற்கு வேண்டிய வக்காலத்தையும் கட்டணத்தையும் தயாராக வைக்காமல், சிறைக்கு அனுப்பிய பிறகு ஊரிலிருந்து ரயிலேறினால் பாதி நாட்கள் பயணத்திலேயே போய்விடும்.

அதற்குப் பிறகு 24-ஆம் பிரிவு வருகிறது. சிறைக்கு அனுப்பிய இரண்டு மாதத்துக்குள் அவர் இந்தியாவைவிட்டுக் கொண்டுசெல்லப்படாவிட்டால், மத்திய அரசுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கக் கோரலாம். தக்க காரணம் காட்டப்பட்டால் நீதிமன்றம் மறுக்கலாம். தாமதத்துக்குக் காரணம் அவருடைய சொந்த உள்ளூர் வழக்குதான் என்றால், அதையே தக்க காரணம் என்று அரசுத் தரப்பு சொல்லும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பாருங்கள்.

உள்ளூர் வழக்கை வென்றால் என்ன ஆகும்

‘வேறு வகையிலோ’ என்று சட்டம் சொல்வதில் பல சங்கதிகள் அடங்கும். வழக்கிலிருந்து விடுவிப்பு, உயர் நீதிமன்றத்தில் சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் ரத்து, சமரசம், அதன் 360-ஆம் பிரிவின்கீழ் அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெறுவது என எதனால் வழக்கு முடிந்தாலும் ஒப்படைப்புக்கான தடை அன்றே விலகுகிறது. கிருஷ்ணகிரி வழக்கறிஞர் அரும்பாடுபட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்துசெய்ய வைக்கிறார். தில்லியில் உத்தரவு தயாராகக் காத்திருந்தால் கட்சிக்காரர் விமானம் ஏறுகிறார். வழக்கறிஞர் தம் கடமையைச் சரியாகவே செய்தார், ஆனால் தில்லியில் என்ன நடக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இதற்காகத்தான் இருவரையும் பேசவைக்கச் சொன்னேன்.

அப்படியானால் உள்ளூர் வழக்கை இழுத்தடிப்பதுதான் நல்லதா என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது சார்லஸ் சோப்ராஜை. 1976-இல் தில்லியில் பிடிபட்டுத் திகார் சிறையில் இருந்த அவரைத் தாய்லாந்து கொலை வழக்குகளில் தேடிக்கொண்டிருந்தது. 1986-இல், தண்டனை முடியும் தறுவாயில், அவர் சிறையிலிருந்து தப்பினார், கோவாவில் பிடிபட்டார், தப்பியோடியதற்காகக் கூடுதல் தண்டனை பெற்றார். தாய்லாந்துக்கு அனுப்பப்படுவதைத் தவிர்க்கவே அவர் தப்பினார் என்று பரவலாகக் கருதப்படுகிறது. 1997-இல் வெளியே வந்தபோது தாய்லாந்து வாரன்டின் காலம் கடந்திருந்தது. ஆனால் இந்தக் கதையில் சொல்லப்படாமல் விடப்படும் கணக்கு ஒன்று உண்டு: அந்த இடைவெளி முழுவதையும் அவர் சிறையில்தான் கழித்தார், பின்னால் நேபாளத்தில் வேறொரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனையும் பெற்றார்.

சாதாரணக் குடும்பத்துக்கு இழுத்தடிப்பு இன்னும் மோசமானது. உள்ளூர் வழக்கில் பிணை கிடைத்துவிட்டாலும் ஒப்படைப்புக் காவல் தனியே தொடரக்கூடும். அந்தக் காவலில் கழியும் நாட்கள் உள்ளூர் வழக்கின் தண்டனையில் கழிக்கப்படும் என்று எண்ணிவிட வேண்டாம். சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவு, அதே வழக்கில் இருந்த காவலை மட்டுமே கழிக்கச் சொல்கிறது. இரு வழக்கிலும் காவலில் இருப்பது தவிர்க்க முடியாது என்று தெரிந்தால், உள்ளூர் வழக்கிலும் முறைப்படி காவலில் வைக்கப்படுவது நல்லதா என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். ஒப்படைப்பைத் தடுக்கவென்று உறவினரை வைத்துப் புதிதாக ஒரு புகார் கொடுக்க வைக்கும் யோசனையையும் சிலர் சொல்வார்கள். பொய்ப் புகார் தனிக் குற்றம். அப்படிப்பட்ட வழக்கை அரசுத் தரப்பு 360-ஆம் பிரிவைக் கொண்டு எளிதாக முடித்துவைக்கவும் முயலும். என் கருத்தில், வெளிநாட்டு வழக்கில் உண்மையான எதிர்வாதம் இருக்கிறவர் உள்ளூர் வழக்கை விரைந்து முடிப்பதே நல்லது. அது இல்லாதவருக்கு இழுத்தடிப்பு சிறைவாசத்தைத்தான் கூட்டும்.

உடன்படிக்கையைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள்

31-ஆம் பிரிவில் தற்காலிக ஒப்படைப்பு பற்றிய பேச்சே இல்லை. ஆனால் 1997-இல் கையெழுத்தாகி 1999-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அமெரிக்க உடன்படிக்கையில் அது இருக்கிறது: உள்நாட்டில் வழக்கை எதிர்கொள்பவரையோ தண்டனை அனுபவிப்பவரையோ, காவலில் வைத்திருந்து வழக்கு முடிந்ததும் திருப்பியனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு, தற்காலிகமாக ஒப்படைக்கலாம்; அல்லது நடவடிக்கையையே தள்ளிவைக்கலாம். நாட்டுக்கு நாடு இந்த ஏற்பாடு மாறும். 3-ஆம் பிரிவின்படி மத்திய அரசு வெளியிடும் அறிவிக்கையில் உடன்படிக்கையின் முழு வாசகமும் இருக்க வேண்டும். சட்டம் எந்த மாற்றங்களோடு அந்த நாட்டுக்குப் பொருந்தும் என்பதும் அதில்தான் தெரியும். செய்தித்தாள் கட்டுரையையோ வேறொரு நாட்டின் வழக்கையோ வைத்து வாதம் தயாரிப்பதற்கு முன் அந்த அறிவிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும்.

ஊரில் உள்ள வழக்கைக் கவனிக்க

தில்லியில் ஒருவர் கைதானால் ஊரில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அவருக்குப் பிணை நின்ற இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பிடியாணை பிறக்கும். பிணைப்பத்திரம் பறிமுதலாகி, சன்ஹிதாவின் 491-ஆம் பிரிவின்கீழ் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். காவேரிப்பட்டணத்திலிருந்து வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டவருக்குத் தில்லிச் செய்தி எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே கைதான வாரத்திலேயே உள்ளூர் நீதிமன்றத்தில் மெமோ தாக்கல் செய்து, அவர் எந்தச் சிறையில் எந்த வழக்கில் இருக்கிறார் என்பதைப் பதிவுசெய்யுங்கள். நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனு இப்போது சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பழைய எண்ணைச் சொல்லி ‘317 பெட்டிஷன்’ என்றுதான் கேட்பார்கள். அவரை நேரில் கொண்டுவர வேண்டியிருந்தால் அதன் 302-ஆம் பிரிவின்கீழ் பி.டி. வாரன்ட் (சிறையிலிருப்பவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் உத்தரவு) கேட்க வேண்டும். காணொளி வழியாக ஆஜராக அனுமதிக்கவும் கோரலாம்.

பிணையைப் பொறுத்தவரை இரண்டு வழக்கிலும் தனித்தனியாகவே கேட்க வேண்டும். ஒப்படைப்பு வழக்கில் ஒப்படைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, அந்தக் குற்றம் இந்தியாவில் நடந்திருந்தால் எப்படியோ அப்படியே பிணை விதிகள் பொருந்தும். அந்த நடுவருக்கு அமர்வு நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. உள்ளூர் வழக்கில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வாய்தா தவறாமல் வந்திருந்தால், அந்தப் பதிவேட்டின் நகல் தில்லிப் பிணை மனுவுக்குப் பெரிய பலம்.

கைதுக்கு முன்பே கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஓசூர்க்காரர்களும் கிருஷ்ணகிரிக்காரர்களும் பெரும்பாலும் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்தில்தான் ஏறுகிறார்கள். வேறு மாநிலம் என்பதால் தமிழ்நாட்டுக் காவல்துறையின் தேடுதல் அறிவிப்பு (லுக்-அவுட் நோட்டீஸ்) அங்கே பிடிக்காது என்று எண்ண வேண்டாம், அது நாடு முழுவதுமுள்ள குடியேற்றச் சாவடிகளுக்கும் போகும். வழக்கு நிலுவையில் இருப்பவர் பாஸ்போர்ட் பெற 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு தடையாக இருக்கும். வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதியோடு பெறுவதற்கு 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அறிவிக்கை வழிசெய்கிறது.

எதிர்த்திசையில்: நம் ஊர் வழக்கின் எதிரி வெளிநாட்டில் இருந்தால்

தருமபுரியில் பணத்தை இழந்த புகார்தாரர் வெளிநாட்டில் இருக்கும் எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) கொண்டுவரச் சொல்லித் தாமே வெளியுறவு அமைச்சகத்துக்கு மனு எழுதுவதில் பயனில்லை. தனிநபர் கோரிக்கையின் பேரில் ஒப்படைப்பு கேட்கப்படுவதில்லை. விசாரணை அதிகாரியிடமிருந்து மாநில அரசு வழியாக அமைச்சகத்துக்குப் போக வேண்டும். முதல்நோக்கு ஆதாரத்தை விளக்கும் பிரமாண வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, வாரன்ட், அடையாள விவரம், பொருந்தும் சட்டப்பிரிவுகள் ஆகியவையும் அவற்றின் மொழிபெயர்ப்பும் வேண்டும். அந்த நாட்டிலேயே அவர்மீது வழக்கு நடந்தால் அது முடியும் வரை காத்திருக்க நேரலாம். நம் சட்டத்தில் இருப்பதைப் போன்ற தள்ளிவைப்பு ஏற்பாடு பிற நாடுகளிலும் உண்டு.

காத்திருக்கும் காலத்தில் இங்கே சன்ஹிதாவின் 84, 85 பிரிவுகளின்கீழ் பிரகடனமும் சொத்து முடக்கமும், 335-இன்கீழ் சாட்சியப் பதிவும் நடக்கலாம். 356-ஆம் பிரிவு, பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி இல்லாமலேயே, குற்றச்சாட்டு வனையப்பட்டு 90 நாட்கள் கடந்தபின் விசாரணையை நடத்தி முடிக்கவும் இடம் தருகிறது. ஒப்படைப்புக்கு உண்மையான வாய்ப்பு இருந்தால் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதற்குமுன் நன்கு யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எதிரி இல்லாமல் வந்த தீர்ப்பைக் காட்டிக் கேட்டால், அவருக்கு மறுவிசாரணை உரிமை உண்டா என்று பிரிட்டன் போன்ற நாடுகளின் நீதிமன்றங்கள் கேட்கும்.

இன்னொன்று, ஒருவர்மீது அரூரிலும் ஓசூரிலும் இரண்டு வழக்குகள் இருந்து, கோரிக்கையில் ஒன்று மட்டும் இடம்பெற்றிருந்தால், அவர் வந்த பிறகு மற்றொன்றை நடத்த முடியாமல் போகும். ஒப்படைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, எதற்காக ஒப்படைக்கப்பட்டாரோ அந்தக் குற்றத்துக்கும், அதே உண்மைகளிலிருந்து வெளிப்படும் சிறிய குற்றத்துக்கும் மட்டுமே வழக்கு நடத்தலாம். வேறு குற்றத்துக்கு அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். திரும்பிப்போக வாய்ப்புக் கொடுக்கப்படும் வரை இது நீடிக்கும். தயா சிங் லஹோரியா வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. போர்ச்சுகலிலிருந்து 2005-இல் கொண்டுவரப்பட்ட மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலீமை 25 ஆண்டுக்கு மேல் சிறையில் வைப்பதில்லை என்று அந்நாட்டிடம் கொடுத்த உறுதிமொழியின் காரணமாக, 25 ஆண்டு முடிந்ததும் மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னது. எனவே புகார்தாரரின் வழக்கறிஞர் எல்லா வழக்குகளும் கோரிக்கையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எதிரியின் வழக்கறிஞர் வெளிநாட்டின் ஒப்படைப்பு உத்தரவின் நகலை வாங்கி, அதில் இல்லாத வழக்கை எதிர்க்க வேண்டும்.

செலவும் அதற்குப் பிறகும்

தில்லி வழக்கறிஞர் கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாதது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளூர் வழக்குக்குத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், தில்லி வழக்குக்கு அந்த நீதிமன்ற வளாகத்தின் ஆணைக்குழுவிலும் மனுக்கொடுக்கலாம். தேசிய உதவி எண் 15100.

ஒப்படைக்கப்பட்டு, அங்கே தண்டனையும் பெற்றுவிட்டால், மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க 2003-ஆம் ஆண்டின் கைதிகள் தாயகம் திரும்பும் சட்டத்தின்கீழ் வழியிருக்கிறது. அதற்கு அந்த நாட்டோடு இந்தியாவுக்கு உடன்பாடு இருக்க வேண்டும், தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், கைதியின் சம்மதமும் இரு அரசுகளின் ஒப்புதலும் வேண்டும். மனுவை அங்குள்ள சிறை அதிகாரிகளிடம் கொடுத்து, அதன் நகலை இந்தியத் தூதரகத்துக்கும் அனுப்பி வைப்பது நல்லது. ஊரில் நிலுவை வழக்கு எதுவும் மீதமிருந்தால் அதையும் அந்த மனுவிலேயே மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.